கோமளாவின் எலும்பும் என் அவசரமும்

போன வாரம் நீங்கள் மூன்று இளம் டாக்டர்களும் சேர்ந்து என் போனுக்கு அனுப்பிய எக்ஸ்ரேயைப் பார்த்தேன். நல்ல வேலை. பிளேட் நேராக உட்கார்ந்திருக்கிறது. நான் எட்டு ஸ்க்ரூவோடு நிறுத்தியிருப்பேன், நீங்கள் பன்னிரண்டு போட்டிருக்கிறீர்கள். கை துறுதுறுக்கிற வயசு, குற்றம் சொல்ல மாட்டேன். படத்துக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திய மஞ்சள் கை மூன்று, ஆளுக்கொன்று போலிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தோலை மூடிய கிளிப்புகள் படத்தில் பளிச்சென்று தெரிகின்றன. அறுவை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எதற்குக் கொண்டாட்டம்? நீங்கள் உள்ளே வைத்தது உயிரில்லாத எலும்பு. உங்கள் வேலையைப் பற்றி அது வாய் திறக்க ஒரு வருஷமாவது ஆகும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். ஓய்வு பெற்றவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே அதிகாரம் கேலி செய்வதுதான். அதையும் விட்டுவிட்டால் நான் காலை நடையும் சர்க்கரை மாத்திரையுமாக முடிந்துபோவேன்.

இந்தச் சிகிச்சையை நீங்கள் நோயாளிகளிடம் விளக்கும் அழகையும் நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ‘ரீசைக்கிள்டு ஆட்டோகிராஃப்ட்’ என்று ஆரம்பித்து அதே மூச்சில் முடித்துவிடுகிறீர்கள். நோயாளி தலையாட்டுகிறார். புரிந்ததால் அல்ல, நீங்கள் சீக்கிரம் போனால் பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்பதால். விஷயம் இவ்வளவுதான். புற்று பிடித்த எலும்புத் துண்டை, இரண்டு பக்கமும் கொஞ்சம் நல்ல எலும்போடு சேர்த்து வெட்டி வெளியே எடுக்கிறோம். மேசையில் வைத்துக் கட்டியைச் சுரண்டிக் கழிக்கிறோம். பிறகு அந்த எலும்பைத் திரவ நைட்ரஜனில் முக்கி உறைய வைக்கிறோம். அதிலிருக்கும் உயிரணுக்கள், கெட்டதும் நல்லதும், எல்லாம் செத்துப்போகின்றன. மிஞ்சுவது அந்த ஆளுக்கென்றே அளவெடுத்த வெறும் கூடு. அதை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துப் பூட்டுகிறோம். மேலேயும் கீழேயும் இருக்கும் உயிருள்ள எலும்பு மெல்ல மெல்ல அந்தக் கூட்டுக்குள் ஊர்ந்து வர வேண்டும். வந்தால் கால் பிழைத்தது.

இதை எனக்கே என்னைவிட நன்றாக விளக்கியவள் கோமளா.

மாகறல் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவி. அப்போது முப்பத்திரண்டு வயது. அவள் கணவர் ஏகாம்பரம் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க்கும் ஃபைலுமாகப் பின்னால் வருவார். முதல் நாள் நான் வழக்கம்போல அவரைப் பார்த்து, “நீங்கதான் தலைவரா?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதறிப்போய், “அய்யய்யோ, அவங்கதான் தலைவரு. நான் தலைவர் வூட்டுக்காரரு” என்றார்.

கோமளாவின் வலது கெண்டைக்கால் முன்னெலும்பில் இரண்டு வருஷமாக ஒரு வீக்கம். டிராக்டர் படியில் இடித்துக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பயாப்சியில் தெரிந்தது வேறு. மெதுவாக வளரும், அபூர்வமான ஒரு புற்று. மருந்துக்கும் அசையாது, கதிருக்கும் அசையாது, முழுதாக வெட்டி எடுக்க வேண்டும். வேறோர் இடத்தில் முழங்காலோடு காலையே எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். அதனால் எங்களிடம் வந்திருந்தாள்.

நான் காகிதத்தில் எலும்பு வரைந்து, இரண்டு கோடு கிழித்து, விளக்கினேன். அவள் படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“என் எலும்பையே எடுத்து, கழுவி, திருப்பி எனக்கே வெக்கப் போறீங்க. சரியா மேடம்?”

“சரி.”

“எங்க ஊர்ல தண்ணி டேங்குக்குப் பைப்பு போட வந்த கான்ட்ராக்டரு இதையேதான் பண்ணிக்கினு இருந்தான். பழைய பைப்பத் தோண்டி எடுத்து, தேய்ச்சி, பெயின்ட் அடிச்சி, திருப்பிப் பொதைச்சிக்கினு இருந்தான். கையும் களவுமா புடிச்சி ஊர வுட்டே அனுப்பிச்சேன்.”

“டாக்டர்கிட்ட இன்னாம்மா பேசற?” என்றார் ஏகாம்பரம்.

“நீ இருய்யா. மேடம், நான் கேக்கறது ஒண்ணுதான். பைப்பு நடுவுல லீக் ஆவாது. ஜாயின்ட்லதான் ஆவும். உங்க ஜாயின்ட்டு எப்படி?”

நம் துறையின் தடித்தடிப் புத்தகங்களெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்கும் கேள்வி அது. செத்த எலும்பும் உயிருள்ள எலும்பும் சந்திக்கும் இரண்டு இடங்கள்தான் நமக்கு நெஞ்சுவலி. அதை அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் ஒட்டிடும்மா.” நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். நேற்று வார்டில் நீங்களும் இதையே சொன்னதாக எனக்குத் தகவல் வந்திருக்கிறது.

எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் வீடு தேடி வந்து திட்டுவார், அதனால் சிஸ்டர் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். எங்களிடம் தமிழ்தான் பேசுவார், ஆனால் நெருக்கடியில் தெலுங்கு தானாக வந்துவிடும். அறுவைக்கு முதல் நாள் சம்மதப் படிவத்தை நான் எழுதி வைத்திருந்தேன். அவர் படித்துவிட்டு, “இடது கால் ஃபிபுலாவும் தேவைப்பட்டா எடுப்போம்னு ஒரு வரி சேத்துடுங்க மேடம். அந்தக் காலையும் கழுவித் தயாரா வெச்சிடறேன்” என்றார்.

ஃபிபுலா, கெண்டைக்காலில் ஒதுங்கி ஓடும் மெல்லிய எலும்பு. நடுவில் ஒரு துண்டு எடுத்தாலும் ஆள் நடக்கலாம். எனக்குத் தேவையே இல்லாத ஜாக்கிரதை என்று தோன்றியது. சிஸ்டர் படிவத்தை நீட்டிக்கொண்டே நின்றதால் எழுதினேன்.

கோமளா அந்தப் படிவத்தை அரை மணி நேரம் படித்தாள். சரியாக அந்த வரியில் விரலை வைத்தாள். “இது இன்னாது? நல்லா இருக்கற கால எதுக்கு?”

“அது சும்மா சம்பிரதாயம்மா. அந்தக் காலத் தொடவே மாட்டோம்.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை அன்று காலை அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தபோது, எதிரே நைட்ரஜன் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள். கோமளா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “இது எங்க ஊரு மாட்டாஸ்பத்திரில சினை ஊசி வெச்சிருக்கற கேனாச்சே!”

பொய் சொல்ல முடியாது. மாடுகளுக்கு விந்தணு உறைய வைப்பதும் அதே திரவம், அதே மாதிரிக் கேன். “கேன் புதுசும்மா” என்றேன்.

“பாத்து மேடம். மாத்திக் கீத்தி வெச்சிடப் போறீங்க.”

மயக்க மருந்து டாக்டர் சிரித்ததில் ஊசி போடத் தாமதமாயிற்று. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டு, லேசாகத் தூங்க வைப்பதாக ஏற்பாடு. அவளோ தூக்கமே வேண்டாம் என்றாள். “நான் தூங்கிட்டா வேலைய யாரு பாக்கறது?” அதனால் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிய பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம், அரைத் தூக்கத்தில், காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பஞ்சாயத்துத் தலைவி. இந்தப் பக்கம் நான்.

இன்னொருவரும் இருந்தார். சென்னையிலிருந்து என் வேலையைப் பார்க்க வந்த ஒரு பேராசிரியர். அவர் பார்க்கிறார் என்பதே எனக்குப் பெரிய போதை. எலும்பு சுத்தமாக வெளியே வந்தது. கட்டியை வழித்தெடுத்தேன். கேனில் இறக்கினேன். இருபது நிமிஷம் உறைய வேண்டும். பிறகு பதினைந்து நிமிஷம் சும்மா காற்றில். பிறகு பதினைந்து நிமிஷம் நீரில். மொத்தம் ஐம்பது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அறுவை டாக்டர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

உறைந்து முடிந்து எலும்பை வெளியே எடுத்தேன். புகை கிளம்ப, கண்ணாடி மாதிரி வெள்ளையாக இருந்தது. பேராசிரியர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். “மிஸஸ் காந்தி ரோட்ல பட்டுக் கடையில உக்காந்திருக்காங்க. நான் போய்த்தான் செலக்ட் பண்ணணுமாம்” என்றார், ரொம்ப நாசூக்காக.

ஆக, பெரியவர் காத்திருக்கிறார். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் எலும்பை எடுத்து வெதுவெதுப்பான நீர் இருந்த பாத்திரத்தை நோக்கி நகர்ந்தேன்.

“தொந்தர வத்து மேடம்!” என்றார் சிஸ்டர்.

நான் தெற்கத்திக்காரி, இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஏதோ தொந்தரவு என்கிறார், பேராசிரியரைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். தெலுங்கில் ‘தொந்தர’ என்றால் அவசரம். ‘அவசரப்படாதீங்க’ என்று அவர் கத்தியிருக்கிறார். அதை நான் தெரிந்துகொண்டபோது எலும்பு தண்ணீருக்குள் இருந்தது.

டிக்.

சின்னச் சத்தம்தான். எலும்பின் நீளவாக்கில், மேலிருந்து பாதிக்கும் கீழே வரை, மயிரிழை மாதிரி ஒரு கோடு. நான் பார்க்கப் பார்க்க அது இன்னும் கொஞ்சம் இறங்கியது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “இன்னா மேடம் அது சத்தம்?”

“ஒண்ணும் இல்லம்மா. கத்தரி தட்டுல விழுந்துடுச்சி.”

அந்தப் பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். முகமூடிக்கு மேலே சிஸ்டரின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

பேராசிரியர் என் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: “ரெண்டு கம்பி சுத்தி இறுக்கிடுங்க. மேல பிளேட் வரப்போகுது. படத்துல தெரியாது.”

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதும்தான். கம்பி சுற்றினால் அன்றைக்கு நிற்கும். ஒரு வருஷம் கழித்து, அவள் பத்துப் பேரோடு நடந்துபோகும்போது, அந்தக் கோட்டிலேயே முறியும். அப்போது ‘செத்த எலும்புதானே, முறிவது சகஜம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். என் தலைக்குள் இதெல்லாம் ஓடி முடிய ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். நெருக்கடியில் மூளை வேலை செய்யாது என்பார்கள். என் அனுபவத்தில் நன்றாகவே வேலை செய்கிறது, நம்மைக் காப்பாற்றும் வழியைத்தான் முதலில் தேடுகிறது. நோயாளியின் முறை அடுத்தபடியாக வருகிறது. அந்த முறை வரும்வரை கையை அசைக்காமல் இருக்க முடிந்தால் போதும்.

“இடது கால் தயாரா இருக்குது மேடம்” என்றார் சிஸ்டர். என் காதுக்கு மட்டும்.

இடது காலிலிருந்து ஃபிபுலாத் துண்டை எடுத்தேன். விரிசல் விட்ட எலும்பின் நடுப்பொந்துக்குள் அதை நுழைத்து, முட்டுக்கட்டை மாதிரி மேலும் கீழும் நல்ல எலும்புக்குள் ஏற்றினேன். சுற்றிலும் கம்பி. நீளமான பிளேட். கூடுதலாக இரண்டரை மணி நேரம் பிடித்தது. நடுவில் எப்போதோ பேராசிரியர் புடவை எடுக்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அறுவைக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ‘கூடுதல் பலத்துக்காக இடது ஃபிபுலா சேர்க்கப்பட்டது’ என்று அழகாக எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பார்த்தீர்களா? அறுவையில் பயன்படுத்திய பஞ்சுகளின் கணக்கில் கையெழுத்துப் போட வந்த சிஸ்டர் என் தோளுக்கு மேலிருந்து படித்தார்.

“கத்தரி விழுந்ததையும் எழுதிடுங்க மேடம்” என்றார்.

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கால் மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வரியை ஒரு கோட்டால் அடித்து, ‘அவசரப்பட்டு முன்னதாகவே நீரில் வைத்ததால் எலும்பு நீளவாக்கில் விரிசல் விட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து பொதுவாக யாருக்கும் புரியாது. அந்த ஒரு வரி மட்டும் அச்சடித்த மாதிரி விழுந்திருந்தது.

மறுநாள் காலை ரவுண்டுக்கு மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுத் தனியாகக் கோமளாவின் கட்டிலுக்குப் போனேன். இரண்டு காலிலும் கட்டு. ஏகாம்பரம் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். பட்டுக் கடையைப் பற்றிச் சொல்லவில்லை. அவசரம் என்னுடையது, அதை ஒரு புடவை மேல் போடுவது நியாயமில்லை.

அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். “கத்தரின்னு சொன்னீங்களே.”

“பொய் சொன்னேன்.”

“அந்தக் காலத் தொடவே மாட்டோம், சும்மா சம்பிரதாயம்னீங்க.”

“ஆமா. தப்பாச் சொன்னேன்.”

அவள் தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “ஒரு காலக் காப்பாத்தணும்னு வந்தேன். இப்ப ரெண்டு காலையும் கட்டிக்கினு படுத்துனு இருக்கறேன். கெளம்புங்க மேடம். எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கப் புடிக்கல.”

ஏகாம்பரம் காபி டம்ளரை என்னிடம் நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் கையை நிறுத்தி வைத்திருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சிஸ்டரிடம் மட்டும் பேசினாள். தன் ஃபைலைக் கேட்டாள். அறுவைக் குறிப்பையும் சேர்த்து முழுவதும் நகலெடுத்துக் கொடுத்தேன். வேறு மருத்துவமனைக்குப் போகப் போகிறாள் என்று வார்டு முழுக்கப் பேச்சு. சிஸ்டர் ஓய்வு நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து ஆங்கிலத்தில் இருந்த அந்தக் குறிப்பை வரி வரியாக அவளுக்குத் தமிழில் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள், கிராம சபைத் தீர்மானம் மாதிரி.

“நான் எங்கயும் போல. ஆனா எனக்கு மூணு கண்டிஷன். எக்ஸ்ரே வந்தா மொதல்ல எனக்குக் காட்டணும். எங்க வூட்டுக்காரருக்கு இல்ல, அவரு மயக்கம் போட்டுடுவாரு. ரெண்டாவது, உங்களுக்குத் தெரியாததத் தெரியாதுன்னு சொல்லணும்.”

“மூணாவது?”

“எதச் சொன்னாலும் ‘அதெல்லாம்’னு ஆரம்பிக்கக் கூடாது.”

அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

பத்து மாதம் ஊன்றுகோல். ஊன்றுகோலோடேயே அவள் கூட்டம் நடத்தினாள், மனு வாங்கினாள், ஏரிக்கரை வரை போய்ச் சண்டை போட்டாள். இரண்டு மாதத்துக்கொரு முறை எக்ஸ்ரே எடுத்தோம். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டியதும் நான் பேசுவதற்குள் அவளே பார்க்கப் பழகிவிட்டாள். மேல் இணைப்பில் வெள்ளையாகப் பாலம் விழுந்து கோடு மறைந்துகொண்டு வந்தது. விரிசலும் உள்ளே வைத்த ஃபிபுலாவின் தயவால் அடங்கிக் கிடந்தது. கீழ் இணைப்பில் மட்டும் கறுப்புக் கோடு அப்படியே.

“கீழ் ஜாயின்ட்டு புடிக்கல. இல்ல?” என்றாள் பத்தாம் மாதம்.

“பிடிக்கல.”

“இனிமே புடிக்குமா?”

அந்த நிமிஷம் என் துறை அறிவு முழுவதும் ‘கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்’ என்று சொல்லத் துடித்தது. அது வைத்தியமில்லை, தோல்வியைத் தள்ளிப்போடும் வழி. “தெரியாது” என்றேன். “மூணு மாசம் பார்க்கலாம். அதுக்குள்ள மாறலன்னா இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் உயிருள்ள எலும்பச் சுரண்டி அங்க அப்பணும். அதுவும் பிடிக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது.”

அவள் முகம் வாடியது. அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. “இன்னொரு ஆப்ரேஷனா?” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, ஊன்றுகோல் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தேறுதல் சொல்லவில்லை. கடைசியில் அவளே, “தேதி குறிச்சி வெச்சிடுங்க. தேதி இருந்தா மனசு அலையாது” என்றாள்.

மூன்று மாதத்தில் கோடு மாறவில்லை. மறுபடி அதே தியேட்டர், அதே முதுகூசி, அதே பச்சைத் திரை.

“இந்தத் தடவ சத்தம் கேட்டா?” என்றாள்.

“உடனே சொல்றேன்.”

சொன்னேன். “இது சுத்தியல். இது உறிஞ்சுற குழாய். இது ஸ்க்ரூ முடுக்கறது. இது சிஸ்டர் தும்மினது.” மயக்க மருந்து டாக்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்: “மேடம், அந்தம்மா தூங்கி ஒரு மணி நேரம் ஆச்சு. நீங்க வர்ணனைய நிறுத்துங்க.”

அதற்கப்புறமும் ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டினேன். கோமளா பார்த்தாள். நான் பார்த்தேன். கறுப்புக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. அவள் இரண்டு ஊன்றுகோலையும் ஏகாம்பரத்திடம் கொடுத்தாள். அவர் அவற்றைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், சுவரை விட்டாள். வராந்தா முனை வரை போய்த் திரும்பி வந்தாள். வலது கால் கொஞ்சம் இழுத்தது. அழுதது ஏகாம்பரம்தான். ஊன்றுகோலைக் கட்டிக்கொண்டு, வெளிநோயாளிகள் வரிசை மொத்தமும் பார்க்க, விம்மி விம்மி அழுதார்.

“நடந்தது நானு, அழுவறது நீயா?” என்றாள் கோமளா. நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். கட்டியும் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் காலையும், புற்று பரவக்கூடிய நெஞ்சையும் படமெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அப்படி ஒரு வருடாந்தரச் சோதனைக்கு அவள் வந்திருந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு என் எதிரே நயினார் ஒருவர் உட்கார்ந்திருந்தார், பக்கத்துக் கிராமத்து விவசாயி, பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத சமணக் குடும்பம். தொடையெலும்பில் கட்டி. மனைவியோடு மூன்றாம் முறையாக வந்திருந்தார். எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டார், எல்லாப் பதிலும் சொல்லிவிட்டேன். ஆனால் முடிவு மட்டும் எடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். “எலும்ப எடுத்து, சாகடிச்சி, திருப்பி வெக்கறது... மனசு ஒப்பலம்மா. எல்லா எடத்துலயும் நல்லா ஆயிடும், நல்லா ஆயிடும்னுதான் சொல்றாங்க. அதான் பயமா இருக்குது” என்றார்.

கதவோரம் தன் முறைக்காக நின்றிருந்த கோமளா உள்ளே வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. புடவையை முழங்கால் வரை தூக்கி இரண்டு காலையும் காட்டினாள். வலது காலில் நீளமான தழும்பு, இடது காலில் அதைவிடச் சின்னது.

“இது கட்டி எடுத்த காலு. இது, இந்தம்மா அவசரப்பட்டு என் எலும்ப உடைச்சாங்களே, அதுக்காக வெட்டின காலு” என்று ஆரம்பித்தாள். ஒன்றையும் விடவில்லை. தண்ணீர்ப் பாத்திரம், டிக் சத்தம், நான் சொன்ன பொய், மறுநாள் காலை, பிடிக்காத ஜாயின்ட், இரண்டாவது அறுவை, பதினெட்டு மாதம். நயினாரின் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இந்த ஆள் எழுந்து நேராகச் சென்னைக்குப் பஸ் ஏறப் போகிறார், அங்கே காலையே வெட்டி எடுத்துவிட்டுத்தான் திரும்புவார் என்று நினைத்தேன்.

நயினார் கோமளாவின் தழும்புகளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவங்க சொல்றது நெசமா டாக்டரம்மா?”

“நெசந்தான்.”

“நீங்க உடைச்சீங்களா?”

“நான்தான்.”

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு லேசாகத் தலையசைத்தார். நயினார் மடியிலிருந்த ஃபைலை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

“அப்ப என் எலும்பையும் நீங்களே வையுங்க. தேதி எழுதிக் குடுத்துடுங்கம்மா, பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குப் போய் சாப்புடணும்.”